இன்ஸ்டாகிராம் இருக்கும்போது வெப்சைட் எதற்கு? சென்னைச் சிறு வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மயிலாப்பூரில் கொலு பொம்மை விற்பவர், மாம்பலத்தில் ஆரி வேலை செய்யும் தையல்கார அக்கா, அம்பத்தூரில் லேத் பட்டறை நடத்துபவர், பெரம்பூரில் வீட்டிலிருந்தே பலகாரம் செய்து அனுப்புபவர் என்று யாரிடம் பேசினாலும் கேள்விகள் சுற்றிச் சுற்றி இவைதான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால், டொமைன் (வெப்சைட்டின் முகவரி) யார் பெயரில் இருக்க வேண்டும் என்ற கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

இன்ஸ்டாவில் நல்ல பாலோயர்ஸ் இருக்கிறார்கள், ஆர்டரும் வருகிறது. அப்புறம் வெப்சைட் எதற்கு?

முதலில் ஒன்று: இன்ஸ்டாவை விட்டுவிடச் சொல்லவில்லை. அது செய்யும் வேலையை வெப்சைட் செய்யாது. அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூர் மாட வீதியில் கடை போட்டால், உங்களை யாரென்றே தெரியாதவர்களும் நின்று பார்த்து வாங்கிப் போவார்கள். ஆனால் அந்தக் கூட்டம் சாமி பார்க்க வந்தது. அதில் ஒருவர் அடுத்த மாதம் உங்களைத் தேடினால் எங்கே வருவார்? அந்த இடம்தான் வெப்சைட்.

ஒரு உதாரணம் பார்ப்போம். வேளச்சேரியில் ஒரு பெண், தங்கை கல்யாணத்துக்கு ஆரி ப்ளவுஸ் தைக்க ஆள் தேடுகிறார். வேலை முடித்து, குழந்தையைத் தூங்க வைத்து, போனைக் கையில் எடுக்கும்போது இரவு பதினொரு மணி. உங்கள் ரீல் கண்ணில் படுகிறது, வேலைப்பாடு பிடித்துவிட்டது. பக்கத்துக்குள் போகிறார். ‘விலைக்கு டிஎம் செய்யவும்’ என்று இருக்கிறது. கமெண்டில் வரிசையாக ‘பிரைஸ் ப்ளீஸ்’. மேலே இருக்கும் வட்டங்களில் ஒன்றில் மணப்பெண் படங்கள், இன்னொன்றில் உங்கள் திருப்பதி பயணம். எத்தனை நாளில் கிடைக்கும், அளவு கொடுக்க நேரில் வர வேண்டுமா, கடை மாம்பலத்தில் எந்தத் தெரு, எதுவும் தெரியவில்லை. ஒரு மெசேஜ் போடுகிறார். நீங்கள் தூங்கிவிட்டீர்கள். அவர் அதே மெசேஜை இன்னும் மூன்று பேருக்குப் போடுகிறார். காலையில் முதலில் பதில் சொன்னவருக்கு ஆர்டர்.

வேலைப்பாட்டில் குறை இல்லை. விலை எதிலிருந்து தொடங்குகிறது, எத்தனை நாள் ஆகும், அளவு ப்ளவுஸ் கூரியரில் அனுப்பினால் போதுமா என்ற மூன்று வரி ஒரு பக்கத்தில் இல்லாததால் போன ஆர்டர் அது. இப்படிப் போகும் ஆர்டர்கள் நம் கணக்கில் தெரிவதே இல்லை. அதனால்தான் பலரும் எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைக்கிறார்கள்.

அவ்வளவு பெரிய கம்பெனிகள். ஒரே நாளில் காணாமல் போய்விடுமா?

போயிருக்கின்றன. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளுக்குத் தடை போட்டது. டிக்டாக் அதில் ஒன்று. அதுவரை வீடியோ போட்டுப் போட்டு ஆள் சேர்த்தவர்கள், அந்த ஆட்களை வேறு எங்கும் அழைத்துப் போக வழியில்லாமல் நின்றார்கள்.

2021 அக்டோபர் 4 இரவு, நம் நேரப்படி ஒன்பது மணியைத் தாண்டியதும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் மூன்றும் சேர்ந்து படுத்தன. திரும்பி வர ஆறு மணி நேரத்துக்கு மேல் சுணங்கியது. மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில். அவர்கள் நெட்வொர்க்கில் செய்த ஒரு மாற்றம் தவறிப்போனதில் எல்லாம் ஒன்றாக நின்றது. அந்த வருடம் நவராத்திரி அக்டோபர் 7-ல் தொடங்கியது. கொலு பொம்மை ஆர்டர் மும்முரமாக வந்துகொண்டிருக்கும் இரவு அது.

இவை பெரிய சம்பவங்கள். சத்தமில்லாமல் நடப்பதுதான் அதிகம் பாதிக்கும். 2018 ஜனவரியில், நண்பர்கள், உறவினர்கள் போடுவதற்குத்தான் இனி முன்னுரிமை, வியாபாரப் பக்கங்கள் போடுவது குறைவாகத் தெரியும் என்று ஃபேஸ்புக் அறிவித்தது. பக்கம் அதேதான், லைக் போட்டவர்களும் அதே ஆட்கள்தான். ஆனால் போஸ்ட் போய்ச் சேருவது குறைந்தது. பழையபடி சேர வேண்டுமென்றால் விளம்பரத்துக்குப் பணம் கட்டு என்றானது. அது அவர்கள் இடம், விதியை அவர்கள் மாற்றலாம். நம் வியாபாரம் முழுவதும் அந்த ஒரு விதியை நம்பி இருக்கலாமா என்பதுதான் நம் கவலை.

என் அக்கவுண்ட் என்னுடையதுதானே?

பாஸ்வேர்ட் உங்களிடம் இருக்கும் வரை. ‘உங்கள் போஸ்ட் காப்புரிமையை மீறியுள்ளது, 24 மணி நேரத்தில் அக்கவுண்ட் நீக்கப்படும், கீழே உள்ள லிங்கில் சரிபார்க்கவும்’ என்று வரும் மெசேஜை நம்பி அக்கவுண்டைப் பறிகொடுக்கிறவர்கள் நிறைய. இரண்டு கட்டச் சரிபார்ப்பை இன்றே போட்டு வையுங்கள். இன்னொன்று, பல கடைகளில் அக்கவுண்டைத் தொடங்கியது அண்ணன் மகனோ, எப்போதோ வேலை பார்த்த பையனோ. மெயில் அவனுடையது, நம்பரும் அவனுடையது. அதை இந்த வாரமே மாற்றுங்கள்.

கூகுள் மேப்பில் கடை இருக்கிறது. அது போதாதா?

சிலருக்குப் போதும். ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: தெருமுனை இட்லிக் கடை, பெட்டிக்கடை, சலூன், பஞ்சர் கடை, இவர்களுக்கு வெப்சைட்டில் பணம் போடும் அவசரம் எதுவும் இல்லை. மேப்பில் சரியான இடம், திறக்கும் நேரம், எடுக்கிற போன் நம்பர், நாலு நல்ல படம் போதும். வாடிக்கையாளர் நடந்து வரும் தூரத்தில் இருக்கிறார்.

வாங்குகிறவர் யோசித்து முடிவெடுக்கும் பொருளாக இருந்தாலோ, வெளியூரிலிருந்து ஆர்டர் வந்தாலோ கதை வேறு. கேட்டரிங், தையல், இன்டீரியர், டியூஷன் சென்டர், பலகாரம், பொம்மை, நகை வேலை எல்லாம் இதில் சேரும். அவர்களுக்கு மேப் வாசல் வரைதான் கொண்டுவரும்.

மேப்பை நம்பி இருந்தவர்களுக்கும் ஒரு அனுபவம் உண்டு. கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாக ஒரு சின்ன வெப்சைட் செய்துகொள்ளும் வசதி இருந்தது. 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் பையிலும் அச்சடித்தவர்களுக்கு அச்சுக்கூலி நஷ்டம்.

வாட்ஸப் கேட்டலாக்கிலேயே எல்லாப் பொருளும் போட்டிருக்கிறேனே?

நல்லது, எடுக்க வேண்டாம். ஆனால் உங்கள் நம்பர் தெரிந்தவருக்குத்தான் கேட்டலாக் தெரியும். ‘கொலு பொம்மை தசாவதாரம் செட்’ என்று கூகுளில் தேடுகிறவருக்கு அது கண்ணில் படாது. பிராட்காஸ்ட் லிஸ்டுக்கும் வரம்பு இருக்கிறது: ஒரு லிஸ்டில் 256 பேர்தான், அதிலும் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே மெசேஜ் போகும்.

நான் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறேன். இதெல்லாம் எனக்கு எதற்கு?

என் கணக்கில் முதலில் வெப்சைட் வேண்டியவர் நீங்கள்தான். அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைகளில் அருமையாக வேலை செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. வெளியே பெயர்ப்பலகையைத் தவிர அவற்றைப் பற்றி எங்கும் ஒரு வரி இருக்காது. ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இருக்கும் பர்ச்சேஸ் மேனேஜர் புது சப்ளையர் தேடும்போது ரீல்ஸ் பார்க்க மாட்டார். என்னென்ன மெஷின் இருக்கிறது, எவ்வளவு நீளம் விட்டம் வரை கடையலாம், எத்தனை மைக்ரான் டாலரன்ஸ் பிடிக்க முடியும், எந்தெந்த மெட்டீரியலில் வேலை செய்கிறீர்கள், ஐஎஸ்ஓ சான்று இருக்கிறதா, மாதம் எவ்வளவு கொடுக்க முடியும் என்று பார்ப்பார். ஒரே பக்கத்தில் மெஷின் பட்டியலும், ஷெட்டின் உள்ளே எடுத்த படங்களும், இன்ஸ்பெக்ஷன் கருவிகளும் இருந்தால் முதல் சல்லடையில் நீங்கள் விழ மாட்டீர்கள். கொட்டேஷன் அனுப்பும் மெயிலும் உங்கள் டொமைன் பெயரிலேயே இருக்கட்டும். புதிதாக ஒருவரிடம் ஆர்டர் கொடுக்கப் போகிறவர் அதைக் கவனிப்பார்.

சரி, வெப்சைட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

கொலு பொம்மைக் கடையையே எடுத்துக்கொள்வோம். ஒரு பொம்மைக்கு ஒரு பக்கம். பெயர், காகிதக்கூழா களிமண்ணா, உயரம் எத்தனை அங்குலம், செட் என்றால் எத்தனை பொம்மை, விலை. பக்கத்தில் ஒரு கை வைத்து எடுத்த படம் ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் வாங்குகிறவருக்கு அளவு பிடிபடாது. பார்சல் பிரித்ததும் ‘இவ்வளவு சின்னதா’ என்று சண்டை வரும். எப்படிப் பேக்கிங் செய்கிறீர்கள், வழியில் உடைந்தால் யார் பொறுப்பு, வெளிநாட்டுக்கு அனுப்புவீர்களா, நவராத்திரிக்கு வந்து சேர எந்தத் தேதிக்குள் ஆர்டர் கொடுக்க வேண்டும், இவையெல்லாம் தெளிவாக எழுதுங்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் பெண் கேட்கப் போவது இதைத்தான், அவர் கேட்கும்போது நமக்கு நடுராத்திரி.

பொம்மைக்குப் பதில் வேறு எந்தத் தொழிலானாலும் வழி இதேதான். போனில் திரும்பத் திரும்ப எதைக் கேட்கிறார்களோ அதை எழுதினால் பாதி வெப்சைட் தயார். ‘2005 முதல் தரமான சேவை’ மாதிரியான வரிகளை யாரும் படிப்பதில்லை. படங்களை டியூப்லைட்டில் எடுக்காமல் பகல் வெளிச்சத்தில், வாசல் பக்கம் எடுங்கள். சேலைக்கு இது ரொம்ப முக்கியம், நிறம் மாறித் தெரிந்தால் திருப்பி அனுப்புவார்கள். படத்தைச் சுருக்கி ஏற்றுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்து போனில் பார்ப்பவருக்கு உடனே திறக்க வேண்டும்.

வாட்ஸப் பட்டனை எல்லாப் பக்கத்திலும் வையுங்கள். நம் ஊரில் கடைசிப் பேச்சு அதில்தான் முடிகிறது.

எவ்வளவு செலவாகும்?

டொமைனுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தை இணையத்தில் வைக்கும் இடத்தின் வாடகைக்கு, ஆண்டுக்குச் சில ஆயிரம். முதல் ஆண்டு சலுகை விலையைப் பார்த்து மயங்காமல், புதுப்பிக்கும்போது எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். தளத்தை வடிவமைத்துத் தருபவரின் கூலி தனி, அது ஆளுக்கு ஆள் மாறும். அதுவும் கட்டுப்படியாகாது என்றால் பிளாகரிலோ கூகுள் சைட்ஸிலோ இலவசமாகச் செய்து, உங்கள் டொமைனை அதோடு இணைக்கலாம். அழகு கொஞ்சம் குறையும். ஆனால் முகவரி உங்களுடையது, நாளை வேறு இடத்துக்கு மாறினாலும் முகவரி மாறாது. தளம் பாதுகாப்பானது என்று பிரவுசர் ஏற்பதற்கான எஸ்எஸ்எல் சான்று ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ மூலம் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்கென்று தனியாகப் பெரிய தொகை கேட்டால் காரணம் கேளுங்கள்.

டொமைன் யார் பெயரில் இருக்க வேண்டும்?

உங்கள் பெயரில். உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில். டெவலப்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, சொந்தத் தம்பியாகவே இருந்தாலும் சரி.

‘எல்லாம் நான் பார்த்துக்கிறேன் சார்’ என்று சொல்லி, தன் அக்கவுண்டிலேயே பத்துப் பதினைந்து கடைகளின் டொமைனையும் வாங்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லை, அவருக்கு அது வசதி. ஆனால் நாளை அவர் துபாய் போனாலோ, உங்களோடு பணத் தகராறு வந்தாலோ, சாதாரணமாக மறந்துவிட்டாலோ உங்கள் கடையின் பெயர் அவர் கையில் மாட்டிக்கொள்ளும். இன்ஸ்டாவை மட்டும் நம்பக் கூடாது என்றுதான் வெப்சைட் போடுகிறோம். அதையும் இன்னொருவர் பெயரில் வைத்தால் போட்டதன் பயனே போயிற்று.

நீங்களே ரிஜிஸ்டிராரிடம் (டொமைன் பதிவுசெய்து தரும் நிறுவனம்) அக்கவுண்ட் தொடங்கி, உங்கள் கார்டிலோ யுபிஐயிலோ பணம் கட்டி வாங்குங்கள். பத்து நிமிட வேலை. பில்லைப் பத்திரமாக வையுங்கள். டெவலப்பர் தளத்தை இணைப்பதற்கு வேண்டிய அனுமதியை மட்டும் கொடுங்கள். புதுப்பிக்கும் தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதுங்கள், ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரத்தில் வந்தால் ஒரு மாதம் முன்பே கட்டிவிடுங்கள். ஹோஸ்டிங் பாஸ்வேர்டும் தளத்தின் பேக்அப்பும் உங்களிடம் ஒரு பிரதி இருக்கட்டும்.

பெயரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

போனில் சொன்னால் எதிராளி தப்பில்லாமல் டைப் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். நம் பெயர்களில் ‘ழ’ வந்தால் ஒருவர் இஸட் ஹெச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். நெடிலுக்கு ஒரு ஏ-வா, இரண்டு ஏ-வா என்ற குழப்பம் வேறு. முடிந்தால் இரண்டு எழுத்துமுறையையும் வாங்கி ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடுங்கள். டாட் இன், டாட் காம் இரண்டில் எது கிடைத்தாலும் சரி. தமிழிலேயே டாட் இந்தியா டொமைனும் உண்டு, டாட் இன்னை நடத்தும் நிக்ஸி அமைப்புதான் அதையும் நடத்துகிறது. ஆசைப்பட்டால் வாங்குங்கள், ஆனால் கூடுதலாக. வாடிக்கையாளர் பலரின் கீபோர்டு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்திலா?

இரண்டிலும். தமிழை முதலில் வையுங்கள் என்பது என் ஆசை. பேசித் தேடும் வசதி வந்த பிறகு தமிழிலேயே கேட்கிறவர்கள் பலர். ஓஎம்ஆர் பக்கம் வாடிக்கையாளர் அதிகம் என்றால் ஆங்கிலம் கட்டாயம். எந்த மொழியானாலும் எழுத்தைப் படத்துக்குள் வைக்காதீர்கள்; விலைப் பட்டியலை போஸ்டர் மாதிரி படமாக ஏற்றினால் தேடுகிறவர் கண்ணில் அது படுவது கஷ்டம். யூனிகோடில் டைப் செய்த எழுத்தாக இருக்க வேண்டும்.

தளத்திலேயே பணம் வாங்கலாமா?

வாங்கலாம். தளத்தில் கட்டும் பணத்தை உங்கள் கணக்குக்குக் கொண்டுசேர்க்கும் பேமெண்ட் கேட்வே நிறுவனங்கள் அனுமதி தருவதற்கு முன் தளத்தைத் திறந்து பார்ப்பார்கள். தொடர்பு முகவரி, பொருளின் விலை, ரீஃபண்ட் விதி, தனியுரிமைக் கொள்கை எல்லாம் இருக்க வேண்டும். 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும், இணையத்தில் விற்பவர் தன் பெயர், முகவரி, புகாருக்கு யாரைத் தொடர்புகொள்வது, திருப்பி எடுக்கும் விதி ஆகியவற்றைத் தெரியும்படி போடச் சொல்கின்றன. பலகாரம், ஊறுகாய், மசாலா விற்பவர்கள் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண்ணைப் போடுங்கள். வீட்டிலிருந்து செய்பவருக்கும் பதிவு தேவை.

ஆரம்பத்தில் ஆர்டர் குறைவாக இருந்தால் இதற்கெல்லாம் அவசரப்பட வேண்டாம். வாட்ஸப்பில் பேசி, யுபிஐயில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் படங்களையே எடுத்து வேறு யாரோ போலிப் பக்கம் நடத்துகிறார்களே?

சேலைக் கடைக்காரர்களுக்கு இது தினசரி தலைவலி. அந்தப் பக்கத்தை ரிப்போர்ட் செய்யுங்கள். பணம் கொடுத்து ஏமாந்தவர் யாராவது உங்களிடம் வந்தால், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லச் சொல்லுங்கள். வெப்சைட் இருந்தால் ‘எங்கள் உண்மையான இன்ஸ்டா பக்கம் இது, நம்பர் இது, வேறு நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள்’ என்று ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம். சந்தேகப்படுகிறவர் சரிபார்க்க ஒரு இடம் இருக்கும்.

வெப்சைட் போட்டதும் கூகுளில் முதலில் வருமா?

வராது. ‘முதல் இடம் கியாரண்டி’ என்று சொல்லிப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம், அந்த உறுதியை யாராலும் தர முடியாது. சில மாதங்கள் ஆகும். ‘சென்னை கேட்டரிங்’ என்று தேடுகிறவருக்கு முன்னால் வருவது கஷ்டம். ‘அறுபதாம் கல்யாணம் கேட்டரிங் நங்கநல்லூர்’ என்று தேடுகிறவருக்கு வரலாம், அவர்தான் உங்களுக்கு வேண்டியவரும். கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவச வசதி, எந்த வார்த்தையைத் தேடி உங்களிடம் வந்தார்கள் என்று காட்டும். மாதம் ஒரு தடவை பார்த்தால், அடுத்து எதைப் பற்றி எழுத வேண்டும் என்று வாடிக்கையாளரே சொன்ன மாதிரி.

இரண்டையும் பார்த்துக்கொள்ள நேரம் ஏது?

தினமும் இன்ஸ்டாவில் போடுங்கள், வெப்சைட்டை மாதம் ஒரு முறை தொட்டால் போதும். ரீலில் விலையைக் கேட்டால் அந்தப் பொருளின் பக்கத்தை அனுப்பிவிடுங்கள், டைப் செய்யும் வேலை மிச்சம். விருப்பப்பட்டு நம்பரோ மெயிலோ கொடுப்பவரின் பட்டியலை உங்களிடமே சேர்த்து வையுங்கள். சம்மதம் கேட்காமல் யாரையும் குரூப்பில் சேர்க்காதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்று 2023-ல் சட்டமே வந்துவிட்டது.

ஏற்கெனவே வெப்சைட் இருந்தது. இப்போது திறக்கவில்லை, செய்து கொடுத்தவர் போனும் எடுப்பதில்லை. என்ன செய்வது?

முதலில் ‘ஹூ இஸ்’ தேடலில் உங்கள் டொமைனைப் போட்டுப் பாருங்கள். எந்த ரிஜிஸ்டிரார், எந்தத் தேதியோடு முடிகிறது என்று தெரியும். தேதி முடியவில்லை என்றால் பெரும்பாலும் ஹோஸ்டிங்கில்தான் கோளாறு, டொமைன் பிழைத்திருக்கிறது. முடிந்திருந்தால் ஒவ்வொரு நாளும் முக்கியம். டாட் காம் டொமைனுக்குப் பெரும்பாலும் சில நாட்கள் சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பிக்க விடுவார்கள். அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் கட்டணம் பல மடங்கு. அதுவும் போனால் ஐந்து நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று திறந்துவிடும்.

ரிஜிஸ்டிராருக்கு உங்கள் பில், ஜிஎஸ்டி சான்று, கடைப் பதிவு எல்லாவற்றையும் இணைத்து எழுதுங்கள். பணம் உங்கள் கணக்கிலிருந்து போயிருந்தால் கேட்பதற்கு வலு கூடும். பழைய பக்கங்களின் எழுத்தும் படமும், வெப்சைட்டுகளின் பழைய பிரதிகளை வைத்திருக்கும் ‘வேபேக் மெஷினில்’ சேமிக்கப்பட்டிருக்கலாம், அங்கே தேடி எடுத்து வையுங்கள். டொமைன் திரும்பி வரும்வரை கூகுள் மேப்பிலும் இன்ஸ்டா பயோவிலும் இருக்கும் பழைய லிங்கை எடுத்துவிட்டு, போன் நம்பரை மட்டும் விடுங்கள்.